நட்சத்திரம் வாங்கும் கட்டடம்

குற்றாலம்
16 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

லாட்ஜில் கரண்ட் போனபோது, துணி உலர்த்தும் டிரையர் மட்டும் நிற்கவில்லை. நான் முதலில் கவனித்தது அதைத்தான். சாரல் பிடித்த அன்று மதியம். ஃபேன் நின்றது, லைட் அணைந்தது, லிப்டுக்குள் மாட்டிக்கொண்ட யாரோ கத்தினார்கள். ஜெனரேட்டர் போட ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். துவைத்த துணியோடு முப்பிடாதி அக்காவும் நானும் துணி அறை இருட்டில் நின்றோம். டிரையர் பாட்டுக்கு விரிப்புகளை உருட்டிக்கொண்டிருந்தது. "இதுக்கு மட்டும் சாமி வந்திருக்குட்டி, திருநீறு போட்டாத்தான் நிக்கும்" என்று அக்கா சிரித்தாள். லாட்ஜின் கரண்ட் வேலை உன் கையில்தானே, உன்னிடம் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்கவில்லை. நான் யாரிடம்தான் எதைக் கேட்டிருக்கிறேன்.

அந்த அக்கா செத்த அன்றே நீயும் போய்விட்டாய். என் போனைப் போலீஸ் வாங்கிக்கொண்டது. உன் போனை நீ ஆற்றில் எறிந்துவிட்டதாக ஞானதுரை அண்ணாச்சி சொன்னார். புளியறையில் அவருடைய புரோட்டாக் கடைக்கு வரும் லாரிக்காரர் ஒருவர் உன்னைப் பார்க்கிறாராம். எழுதிக் கொடுத்தால் சேர்ந்துவிடும் என்றார். வாயால் சொல்வதைவிட இது எனக்கு எளிது.

நீ வந்து பார்த்தபோது பாதி நடந்து முடிந்திருந்தது. அதற்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது. அக்கா ஈரக் கையோடு டிரையர் கதவைத் திறந்தாள். அவள் கத்தவில்லை. வாய் மட்டும் திறந்து நின்றது. கை கதவை விட மறுத்தது. அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். பிறகு அவள் இடுப்பில் கை போட்டு இழுத்தேன். என்னைத் தூக்கித் தொட்டியில் அடித்தது. முன்பல் ஒன்று பாதியாக உடைந்துவிட்டது. சத்தம் கேட்டு நீ ஓடிவந்தாய். வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தாய். லாட்ஜின் கரண்ட் போர்டுக்கு நீ ஓடவில்லை. பின்கதவு வழியாக இறங்கி, வயலைத் தாண்டி நம் மோட்டார் ரூமுக்கு ஓடினாய். நீ அங்கே போய் எதையோ இறக்கிய பிறகுதான் அக்கா கீழே விழுந்தாள்.

மேனேஜர் குற்றாலீஸ்வரன் வந்தார். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, "சோப்புத் தண்ணில வழுக்கி விழுந்துட்டா. எல்லாரும் பாத்தியள்லா?" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். நீ திரும்பி வந்து அவளுடைய உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாய். அது கரிந்து பிளந்திருந்தது. பைப் ரெஞ்சை எடுத்துக்கொண்டு நீ ஆபீசுக்குள் போனதும், அறைச்சாவிகள் மாட்டும் பலகை முழுக்க ரத்தம் தெறித்ததும், அவர் மேஜைக்கு அடியில் புகுந்த பிறகும் நீ நிறுத்தாததும் எல்லாருக்கும் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். லாட்ஜில் அவள் சாகும்போது நீ ஏன் நம் மோட்டார் ரூமுக்கு ஓடினாய்?

இசக்கிசெல்வி


21 ஜூன்

செல்விக்கு,

ஊர்ப் பெயர் போடவில்லை. படித்ததும் அடுப்பில் போடு.

அவன் செத்தானா இல்லையா? இவ்வளவு எழுதியவள் அதை எழுதவில்லையே.

நீ கேட்டதற்குப் பதில். பிரிட்ஜில் நட்சத்திரம் ஒட்டியிருக்கும் பார்த்திருப்பாய். அதுபோலக் கட்டடத்துக்கும் நட்சத்திரச் சான்றிதழ் உண்டு. வருடம் முழுக்க ஓடிய யூனிட்டைக் கட்டடத்தின் பரப்பால் வகுப்பார்கள். குறைவாக வந்தால் நட்சத்திரம் ஏறும். கேரளாவிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆள் அனுப்பும் கம்பெனி ஒன்று, சான்றிதழ் உள்ள லாட்ஜுக்குத்தான் அனுப்புவேன் என்று சொல்லிவிட்டது. சென்னையில் இருக்கிற முதலாளி மேனேஜர் கழுத்தைப் பிடித்தார். மேனேஜர் என் கழுத்தைப் பிடித்தான்.

நம் ஊரில் எண்ணெய் தேய்க்காமல் அருவிக்குப் போகிறவன் யார்? அத்தனை எண்ணெய்யும் லாட்ஜ் துண்டில், லாட்ஜ் விரிப்பில். சாரலில் எதுவும் காயாது. லாட்ஜ் கரண்டில் பெரும் பங்கைத் தின்றது அந்த டிரையர்தான். "அதைக் கணக்குல இருந்து தூக்கிருலே. ஒங்க வயக்காடு பின்னாலதான கெடக்கு" என்றான். விவசாயக் கரண்ட் இலவசம். மீட்டர் கிடையாது. அப்பாவிடம் கேட்டேன். "ஓசிக் கரண்டுதானலே, யாரு அப்பன் வீட்டுக் காசு? நடவு முடிஞ்சா மோட்டார் சும்மாதான கெடக்கு" என்றார். உனக்கும் அங்கே வேலை தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தான். வாய்க்கால் ஓரமாகக் கேபிளைப் புதைத்தேன்.

கசிவு வந்தால் தானாக விழும் சுவிட்ச் ஒன்று வேண்டும் என்று கேட்டேன். எர்த்தும் கேட்டேன். "புதுசா பெட்டி மாட்டினா, சர்டிபிகேட்டுக்கு வாரவன் இது எங்கன போற லைனுன்னு கேப்பான். ஒண்ணும் வேண்டாம், ஓட்டு" என்றான். அவன் சொன்னான், நான் இழுத்தேன். கொன்றது அவன்.

நீ வாயைத் திறந்தால் கேஸ் அப்பா பேரில்தான் விழும். மோட்டார் கரண்ட் சர்வீஸ் அவர் பேரில் இருக்கிறது. உனக்கு வாயைத் திறக்காமல் இருப்பது ஒன்றும் கஷ்டமில்லையே.

புவனேஷ்


குற்றாலம்
28 ஜூன் 2025

அண்ணனுக்கு,

அவர் சாகவில்லை. மேல் உதட்டில் தையல். இடது கண்ணில் பார்வை வராதாம். பேசும்போது எச்சில் ஒழுகுகிறது. அதைத் துடைத்துத் துடைத்துப் பேசுகிறார். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் அவர் நம் அப்பாவுக்குச் செய்ததைப் பார்த்த பிறகு, அந்தச் சகிக்காமையும் எனக்குப் போய்விட்டது.

நாற்றங்காலில் வைத்துத்தான் அடித்தார்கள். மேனேஜர் வரப்பில் குடை பிடித்து நின்றார். அவர் கூட்டிவந்த ஆட்கள் அப்பாவின் மம்பட்டியையே வாங்கி, அதன் காம்பால் முட்டியில் அடித்தார்கள். "ஏலே சுடலைமாடா, ஒம் மவன் எங்கலே?" என்று கேட்டார்கள். அப்பா பம்பாய் என்றார். அடி விழுந்தது. தூத்துக்குடி என்றார். அடி விழுந்தது. திருப்பூர் என்றார். ஒவ்வோர் அடிக்கும் ஓர் ஊர்ப் பெயர் சொன்னார். தெரிந்த ஊர்கள் தீர்ந்துபோனதும்தான் அழுதார். புளியறையை மட்டும் சொல்லவில்லை. வாயில் சேறு போகாமல் நான் அவர் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தேன். ஒருவன் என் முடியைப் பிடித்து இழுத்துப் போட்டான். ஆஸ்பத்திரியில் வரப்பில் வழுக்கியதாக எழுதச் சொன்னார்கள். இந்த ஊரில் எல்லாரும் வழுக்கித்தான் விழுகிறார்கள்.

மறுநாள் மேனேஜர் என்னை வேலைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். "ஒங்க அண்ணன் வார வரைக்கும் நீ இங்கன நிப்பெ" என்று டிரையரைக் காட்டினார். அது இன்னும் நம் வயல் கரண்டில்தான் ஓடுகிறது. உள்ளே எதையோ மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். தடிமனான துணியைக் கையில் சுற்றிக்கொண்டு கதவைத் திறக்கிறேன். ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

அக்காவின் மகள் மஞ்சு மாடியில் அறை கூட்டுகிறாள் அல்லவா, அவள் என்னைத் தொட்டிப் பக்கம் இழுத்துப்போய்க் கேட்டாள். "எங்கம்மா வழுக்கியா விழுந்தா? நீ பக்கத்துலதான நின்னெ?" நான் தலையாட்டினேன். கன்னத்தில் அறைந்தாள். "ஊமச்சி மாதிரி நிக்காதட்டி. வாயத் தொறந்து சொல்லு." நான் மறுபடியும் தலையாட்டினேன். மறுபடியும் அறைந்தாள். உடைந்த பல் உதட்டைக் கிழித்தது. அவள் கையில் என் ரத்தம் பட்டதும் அவளே உட்கார்ந்து அழுதாள்.

"அவன் சொன்னான், நான் இழுத்தேன்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகுதான் அடுப்பில் போட்டேன். அண்ணே, நீ ஒரு வக்கீலைப் பிடித்துக் கோர்ட்டில் வந்து நடந்ததைச் சொல். இழுத்ததையும் சொல்.

செல்வி


4 ஜூலை

ஏட்டி,

எனக்குப் புத்தி சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாயா? நான் உள்ளே போனால் அவன் வெளியே குடை பிடித்து நிற்பான். அவ்வளவுதான் நடக்கும்.

அப்பா முட்டியைப் பற்றிப் படித்த அன்று, மர மில்லில் ஒருத்தன், தமிழனை இங்கே ஏசுகிற மாதிரி, என்னைப் பாண்டி என்றான். தினமும் சொல்கிறவன்தான். அன்று அவன் கையைத் திருகி முறித்துவிட்டேன். இப்போது வேறு இடத்தில் இருக்கிறேன். இங்கே யாருக்கும் என் பெயர் தெரியாது. ராத்திரியும் பகலும் அவனுடைய மிச்சக் கண்ணைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சான்றிதழ்க்காரர்கள் எப்போது வருகிறார்கள், அவன் எங்கே நிற்பான், எங்கே போவான், அதை மட்டும் எழுது. வேறு எதுவும் எழுதாதே.

புவனேஷ்


குற்றாலம்
12 ஜூலை 2025

அண்ணனுக்கு,

வந்தார்கள். அளவெடுக்கிற இருவரும், உமா மகேஸ்வரி என்று ஒரு இன்ஜினியர் மேடமும். மீட்டரைப் படம் பிடித்தார்கள். ஒவ்வொரு பல்பையும் ஏசியையும் எழுதிக்கொண்டார்கள். மேடம் துணி அறைக்கும் வந்தார். டிரையரைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "இது ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்மா ஓடும்? இதோட லைன் எந்தப் போர்டுல இருந்து வருது?"

நான் வாயைத் திறந்தேன். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னபோது ஆனதே, அதுவேதான் ஆனது. முதல் சொல்லே வரவில்லை. அன்று வகுப்பே சிரித்தது, நான் பையை எடுத்துக்கொண்டு வந்தவள் திரும்பிப் போகவில்லை. இன்று மேடம் சிரிக்கவில்லை. காத்துக்கொண்டு நின்றார். அதுதான் தாங்க முடியவில்லை. மேனேஜர் உள்ளே வந்து, "அவ பேச மாட்டா மேடம். இது கரண்டு கம்மியா இழுக்கிற புது மாடல். நாளைக்கு ரெண்டு ஈடு ஓடினாலே பெருசு" என்றார். ஓயாமல் ஓடுகிறது, அண்ணே. மேடம் அதை எழுதிக்கொண்டார்.

அவர்கள் கார் போனதும் மேனேஜர் கதவைச் சாத்தினார். என் மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீரில் முக்கி எடுத்தார். "என்னவோ சொல்ல வாயெடுத்தியே? அந்தா பாரு, ஒங்க அண்ணன் போட்ட லைனு. தொட்டுப் பாக்கியா?" என்று உள்ளங்கையை டிரையர் கதவில் வைத்து அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. கரண்ட் நிறுத்தியிருந்தார் என்று பிறகு தெரிந்தது. ஆனால் நான் நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டேன். அவர் எச்சிலைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "துடைச்சு விட்டுட்டுப் போட்டி."

சான்றிதழ் கொடுக்க இருபத்தெட்டாம் தேதி வருகிறார்களாம். முதலாளியும் வருகிறார். டிரையர்மேல் கை வைத்தபடி மேனேஜர் போட்டோ எடுத்துக்கொள்ளப் போகிறார். விளம்பரத்துக்கு வேண்டுமாம்.

இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

செல்வி


17 ஜூலை

செல்வி,

உன் கடிதத்தை ஒரே ஒரு தரம் படித்தேன். அதற்குமேல் முடியவில்லை.

இனி நீ ஒன்றும் பேச வேண்டாம். யாரும் பேச வேண்டாம். இருபத்தெட்டாம் தேதி நான் நம் மோட்டார் ரூமில் இருப்பேன். அங்கிருந்து பார்த்தால் துணி அறையின் பின்கதவு நேராகத் தெரியும். அவன் அந்த மிஷினில் கை வைத்து நிற்பான் என்றாயே, அது போதும். மிஷினின் இரும்பில் கரண்ட் ஏறும்படி அங்கிருந்தே போடவும் நிறுத்தவும் எனக்குத் தெரியும். முப்பிடாதி அக்கா எப்படிப் போனாளோ அப்படியே அவனும் போகட்டும். முதலாளியும் பார்க்கட்டும். போட்டோக்காரன் படமும் எடுத்துக்கொள்ளட்டும்.

அரிவாளை எடுத்தால் ஓட வேண்டும், பிடிபட வேண்டும். இதில் அவனே கை வைக்கிறான்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அன்று பின்கதவைத் திறந்து வை.

புவனேஷ்


குற்றாலம்
20 ஜூலை 2025

அண்ணே,

மாட்டேன்.

நீ வாசலில் நின்று ஒரு பார்வைதான் பார்த்தாய். நான் அவள் நின்றுகொண்டு சாவதைப் பார்த்தவள். கண் என்னைத்தான் பார்த்தது. கண்ணுக்கு எல்லாம் தெரிந்தது. தாடை மட்டும் கடகடவென்று அடித்துக்கொண்டது. முடி கருகும் வாசனை வந்தது. மேனேஜருக்கு அது வேண்டும் என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. என் கையை அவர் அழுத்திப் பிடித்த அன்று, அவர் துடிப்பதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. பிறகு அந்த முகம் அக்கா முகமாக மாறிவிட்டது.

போட்டோவுக்கு நிற்கிறவர் அவர் ஒருவர் மட்டுமா? மேடமும் நிற்பார். மேடமும் தொடுவார். தரை முழுக்க ஈரம். யார் போவார்கள் என்று உனக்கு அங்கிருந்து எப்படித் தெரியும்? பெட்டி இல்லாமல் ஓட்டலாம் என்று சொன்ன அன்று மேனேஜரும் இப்படித்தான் நினைத்திருப்பார். ஒன்றும் ஆகாது, ஆகிவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று.

வராதே. வந்தால் கோர்ட்டுக்கு வா.

செல்வி


24 ஜூலை

நான் வருகிறேன். மேடம் தொட்டால் நான் போட மாட்டேன். எனக்குக் கண் இருக்கிறது. அவன் தனியாக நிற்கும்வரை காத்திருப்பேன். அவன் கை அதில் இருந்தால் போடுவேன். இதில் மாற்றமில்லை. உன் பேச்சையோ அப்பா பேச்சையோ கேட்கிற நிலையில் நான் இல்லை. தடுக்க யார் வந்தாலும் அவர்களுக்கும் அடிதான்.

கதவைத் திறந்து வை. திறக்காவிட்டால் அவன் கேட்டைத் தாண்டும்போது கையாலேயே முடிப்பேன். அது இன்னும் அசிங்கமாக இருக்கும். நீ அன்று வேலைக்குப் போகாதே. கடையத்தில் அத்தை வீட்டுக்குப் போய்விடு.

புவனேஷ்


குற்றாலம்
28 ஜூலை 2025

அண்ணே,

காலையில் அப்பா தூக்குச்சட்டியில் இரண்டு பேருக்கான இட்லி வைத்துக்கொண்டு, குச்சியை ஊன்றி வயலுக்குப் புறப்பட்டார். நீ வந்துவிட்டாய் என்று தெரிந்துகொண்டேன். நான் கடையத்துக்குப் போகவில்லை.

நேற்று மஞ்சுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாடியில், அவள் கட்டில் விரிப்பை உருவிக்கொண்டிருந்தபோது. முதலில் தலையணை உறையைப் பார்த்துச் சொன்னேன், பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். வழுக்கவில்லை என்று சொன்னேன். லைன் இழுத்தது என் அண்ணன் என்றும் சொன்னேன். அவள் கையை ஓங்கினாள். நான் நகரவில்லை. ஓங்கிய கையால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். பிறகு, "எங்கிட்ட சொல்லி என்னட்டி செய்ய? அந்த மேடத்துக்கிட்ட இதச் சொல்லுவியா?" என்றாள். சொல்லுதேன் என்றேன். "நீயா? நீ சொல்லுவெ!" என்று அழுதுகொண்டே சிரித்தாள். இப்போது வாசலில் நிற்கிறாள். மேடம் கார் வந்ததும் நேராக இங்கே கூட்டிவருவாள்.

என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்திருக்கிறேன். இந்த மிஷின் லாட்ஜ் மீட்டரில் ஓடவில்லை. எங்கள் வயலின் இலவசக் கரண்டில் ஓடுகிறது. ஓட்டச் சொன்னவர் மேனேஜர். லைன் இழுத்தவன் என் அண்ணன் புவனேஷ். சம்மதித்தவர் என் அப்பா சுடலைமாடன். இதைத் தொட்டுச் செத்தவள் முப்பிடாதியம்மாள். நான் பக்கத்தில் நின்றேன். இவ்வளவுதான். வகுப்பில் வாசிக்கச் சொன்ன பாடத்தைவிடச் சின்னது.

வயலிலிருந்து பின்கதவு வழியாக இங்கே வந்த அப்பாவிடம் கேட்டேன், உங்கள் பேரையும் சொல்லட்டுமா என்று. முட்டியைத் தடவிக்கொண்டார். "சொல்லு. எந்த ஊரையும் சொல்லி இனி என்னால அடி வாங்க முடியாது" என்றார். அவர்தான் இந்தக் கடிதத்தோடு உன்னிடம் திரும்பி வருகிறார். அவரை அடிக்காதே. அவர் உன்னைத் தடுக்க வரவில்லை. இதைக் கொடுக்க மட்டும்தான் வருகிறார்.

மேனேஜர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு இரண்டு முறை வந்து போய்விட்டார். சாமந்தி மாலை ஒன்றை டிரையர் மேல் போட்டிருக்கிறார்கள். போட்டோக்காரர் எங்கே நின்றால் நட்சத்திரம் தெரியும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். என்னை நகரச் சொன்னார். நகரவில்லை. மேனேஜர் வந்து, "ஏட்டி, தள்ளு" என்றார். தள்ளவில்லை. இத்தனை பேர் முன்னால் என்னை அடிக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு போனார்.

நீ கேட்டபடி பின்கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். நம் மோட்டார் ரூமும் அதன் ஜன்னலும் தெரிகின்றன. நான் வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்கிறேன். டிரையரின்மேல் தாளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இடது உள்ளங்கை கதவின் இரும்பில் இருக்கிறது. சூடாக இருக்கிறது. மேனேஜர் தன் கையை எங்கே வைத்தாலும், நான் சொல்லி முடித்து இவர்கள் லைனை அறுக்கும் வரைக்கும், என் கை இங்கேதான் இருக்கும். நன்றாகப் பார்த்துக்கொள். உனக்குக் கண் இருக்கிறது என்றாயே.

வாசலில் கார் சத்தம் கேட்கிறது. அப்பா தாளுக்குக் கை நீட்டுகிறார். எழுதுகிற கையையும் இப்போது அதில் வைக்கிறேன்.